பாக்டீரியா சாகும்... நஞ்சு சாகாது!

‘இன்னொரு தடவை நல்லா கொதிக்க வெச்சுட்டா ஒண்ணும் பண்ணாது!’ - நம் வீடுகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. இதில் பாதிதான் உண்மை. கொதிக்க வைத்தால் பாக்டீரியா செத்துவிடும். ஆனால், அது ஏற்கெனவே சுரந்து வைத்த நஞ்சு அப்படியே இருக்கும்.

‘ஸ்டெபைலோகாக்கஸ் ஆரியஸ்’ என்ற பாக்டீரியா நம் மூக்கு, தோல், சீழ்ப்புண், மடிநோய் கண்ட மாட்டின் மடி ஆகியவற்றில் இருக்கும். கறந்த பால் வெதுவெதுப்பாகவே மணிக்கணக்கில் கிடந்தால், அதில் பெருகி நஞ்சைச் சுரக்கும். பாலின் நிறமும் ருசியும் மாறாமலேயே இருக்கலாம். அரை மணி நேரம் கொதிக்க வைத்தாலும் இந்த நஞ்சு தாக்குப்பிடிக்கும்.

2000-ம் ஆண்டில் ஜப்பானின் ஹொக்கைடோ தீவிலுள்ள ஒரு பால் தொழிற்சாலையில் சுமார் 3 மணி நேரம் மின்சாரம் நின்றுபோனது. குளிரூட்ட முடியாமல் கிடந்த பாலில் பாக்டீரியா பெருகியது. பிறகு, வழக்கம்போலச் சூடுபடுத்திப் பால் பவுடராக்கினார்கள். பாக்டீரியா செத்தது, நஞ்சு தங்கிவிட்டது. அந்தப் பவுடர் சேர்த்த பாலைக் குடித்து, ஒசாகா பகுதியில் 13,000-க்கும் மேற்பட்டவர்கள் பாதிக்கப்பட்டார்கள்.

சோற்றிலும் இதே கதைதான். ‘பேசிலஸ் சீரியஸ்’ பாக்டீரியாவின் வித்துகள் உலையில் வெந்தாலும் பிழைத்துக்கொள்ளும். விசேஷ வீட்டில் அண்டாவில் குவித்த சோறு மெல்ல ஆறும்போது, அவை முளைத்து நஞ்சைச் சுரக்கும். பிறகு தாளித்துக் கிளறினாலும் பலனில்லை.

என்ன செய்யலாம்?

• கறப்பதற்கு முன்பு கை, மடி இரண்டையும் கழுவித் துடையுங்கள். கையில் சீழ்ப்புண் இருந்தால், வேறொருவர் கறக்கட்டும்.

• முதல் இரண்டு பீச்சைத் தனிக் கிண்ணத்தில் விட்டுப் பாருங்கள். திரிதிரியாகவோ, நீர்த்தோ, ரத்தம் கலந்தோ வந்தால், அந்தப் பாலை மற்ற பாலோடு சேர்க்காதீர்கள். உடனே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

• கறந்த பாலைத் தாமதிக்காமல் சங்கத்தில் ஊற்றுங்கள். தாமதமாகும் என்றால், கேனைக் குளிர்ந்த நீர்த்தொட்டியில் வையுங்கள்.

• மீந்த சோற்றைத் தாம்பாளத்தில் பரப்பி ஆறவிட்டு, 2 மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வையுங்கள். ஃபிரிட்ஜ் இல்லாத வீடுகளில் தேவைக்கு மட்டும் வடிப்பதே நல்லது.

இந்த நஞ்சுகள் உள்ளே போனால், பெரும்பாலும் அரை மணி முதல் 8 மணி நேரத்துக்குள் குமட்டல், வாந்தி தொடங்கும். ஓ.ஆர்.எஸ் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். குழந்தைகள், முதியவர்கள், கர்ப்பிணிகளுக்கு வாந்தி நிற்கவில்லை என்றால், தாமதிக்காமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

நம் மாட்டின் பால், சங்கத்துக் கேனில் ஊர்ப் பாலோடு கலக்கிறது. அதைக் குடிக்கப்போவது யாரோ ஒருவருடைய குழந்தை!