வயல் வேலைக்கான சிறு யந்திரங்கள்: பெட்ரோலா, பாட்டரியா?

வரப்பில் மண்டிய கோரையையும் அறுகையும் அரிவாளினால் நாள் முழுவதும் அறுத்துக் கழிக்கும் வழக்கம் திருக்கழுக்குன்றம் தாலூகாவிலும் குறைந்து வருகிறது. அறுப்பதற்கு ஆள் கிடைப்பதே அரிதாகிவிட்டது. ஆகையால் முதுகில் சுமந்து மருந்தடிக்கும் பவர் ஸ்பிரேயரும், தோளில் மாட்டிக்கொண்டு புல்லையும் முட்செடியையும் வெட்டும் யந்திரமும், கடற்கரையோரத்துச் சவுக்கை அறுக்கும் சங்கிலி ரம்பமும் விவசாயிகள் விரும்பிக் கேட்கும் சாமான்களாயிருக்கின்றன. இவை பெட்ரோலில் ஓடுவனவாகவும் பாட்டரியில் ஓடுவனவாகவும் இருவகையில் கிடைக்கின்றன. ஒவ்வொரு விவசாயியும் தனியே வாங்குவதைக் காட்டிலும் கூட்டுறவுச் சங்கம் வாங்கி அங்கத்தினர்களுக்கு வாடகைக்கு விடுவது சிக்கனமானதே. ஆனால் எந்த வேலைக்கு எந்த வகை தகும் என்று ஆராயாமல் வாங்கினால், அங்கத்தினர்களின் பங்குப் பணம் யந்திர உருவெடுத்துக் கிடங்கில் துருப்பிடித்துக் கிடக்க நேரிடும்.

இத்தகைய கேள்வி செங்கற்பட்டு ஜில்லாவுக்குப் புதிதன்று. இருபதாம் நூற்றாண்டின் ஆரம்ப வருஷங்களில், ஏற்றமும் கவலையும் இறைத்துக்கொண்டிருந்த காலத்தில், ஆல்பிரட் சாட்டர்டன் என்ற எஞ்சினீயர் எண்ணெய் இஞ்சினைக்கொண்டு தண்ணீர் இறைக்கும் முறையைச் சென்னை ராஜதானியில் பரிசோதித்துப் பரப்பினார். அப்பரிசோதனைகள் முதன்முதலில் நடந்த இடங்களில் இந்த ஜில்லாவைச் சேர்ந்த மெல்ரோசாபுரமும் ஒன்று. பிறகு 1932-ல் பைக்காராவிலும் 1937-ல் மேட்டூரிலும் நீர்வீழ்ச்சியின் சக்தியால் மின்சாரம் உற்பத்தியாகத் தொடங்கி, காலக்கிரமத்தில் மின்சாரக் கம்பி கிணற்றங்கரையை எட்டிய இடங்களில் எண்ணெய் இஞ்சின் ஒதுங்கி மோட்டார் அமர்ந்தது. கிணறு ஓரிடத்தில் நிலையாயிருப்பது; கம்பி அதைத் தேடி வரலாம். வரப்பு வெட்டுகிறவனோ வரப்போடு நடந்து போகிறான். இத்தாலூகாவிலுள்ள கல்பாக்கத்தில் 1984 முதல் அணுசக்தியால் மின்சாரம் உற்பத்தியாகி வந்தபோதிலும், அந்த மின்சாரம் அவனுக்குப் பின்னால் கம்பி வழியே நடந்து வர இயலாது. அவன் தன் சக்தியைத் தானே சுமந்து செல்லவேண்டும். எனவே, பெட்ரோலா பாட்டரியா என்ற கேள்வி முக்கியமாகச் சுமையைப் பற்றிய கேள்வியேயாகும்.

ஒரு கிலோ பெட்ரோலில் அடங்கிய உஷ்ண சக்தியை மின்சாரக் கணக்கில் சொன்னால் சுமார் 12 யூனிட் ஆகும். சிறிய இஞ்சின் அதில் பெரும்பகுதியைச் சூடாகவும் புகையாகவும் வீணாக்கிவிட்டு, ஐந்தில் அல்லது ஆறில் ஒரு பங்கையே வேலையாக மாற்றுகிறது. அப்படியும் 2 யூனிட் அளவுக்கு வேலை கிடைக்கிறது. காரீயத்தகடும் திராவகமும் கொண்ட பழையமாதிரி பாட்டரி ஒரு கிலோ எடைக்கு ஒரு யூனிட்டில் முப்பதில் ஒரு பங்கு மட்டுமே தாங்கும். 1859-ல் பிரான்சு தேசத்தவரான காஸ்டன் பிளாந்தே கண்டுபிடித்த வகை இது. 1991-ல் ஜப்பானில் ஸோனி கம்பெனியார் விற்பனைக்குக் கொண்டுவந்த லித்தியம் பாட்டரி ஒரு யூனிட்டில் ஐந்தில் ஒரு பங்கு வரையில் தாங்குகிறது. மோட்டார் தான் பெறும் மின்சாரத்தில் ஐந்தில் நான்கு பங்கை வேலையாக்கும் திறமுடையது. இருந்தும், எடைக்கு எடை பார்த்தால் இஞ்சினின் வீண்செலவெல்லாம் போக, பெட்ரோலே லித்தியத்தைவிடப் பத்து மடங்குக்கு மேல் வேலை கொடுக்கிறது. இதை மனத்திற் கொண்டு ஒவ்வொரு வேலையையும் பார்ப்பது நலம்.

முதலாவது மருந்தடித்தல். கைத்தெளிப்பான் முறையில் நெல்லுக்கு ஏகராவுக்குச் சுமார் 200 லிட்டர் மருந்து நீர் தேவை. 16 லிட்டர் கொள்ளும் தொட்டியானால் பன்னிரண்டு பதின்மூன்று முறை நிரப்பவேண்டும். சாதாரண பாட்டரி ஸ்பிரேயரின் சிறு பம்பு நிமிஷத்துக்கு இரண்டரை லிட்டர் வரையில் தள்ளும். ஆகவே ஏகராவுக்கு அது ஓடவேண்டியது ஒன்றேகால் மணி, ஒன்றரை மணி நேரமே. அதற்குச் செலவாவது ஒரு யூனிட்டில் இருபதில் ஒரு பங்கு. 12 வோல்ட், 8 ஆம்பியர்-மணி அளவுள்ள சிறு பாட்டரி இவ்வேலையைச் செய்து முடித்து மிச்சமும் வைத்திருக்கும். அந்தப் பாட்டரி 1,000 ரூபாய் என்றும், முந்நூறு தடவை ஏற்றி இறக்கியபின் தேய்ந்துபோகும் என்றும் உதாரணத்துக்கு வைத்துக்கொண்டாலும், தடவைக்குத் தேய்மானம் மூன்றரை ரூபாய்க்கும் குறைவே. பெட்ரோல் ஸ்பிரேயரோ லிட்டர் சுமார் 100 ரூபாய் விற்கும் பெட்ரோலையும் அதனுடன் கலக்கும் எண்ணெயையும் குடிக்கும், முதுகில் அதிரும், காதருகே இரையும். முன்போல் கையால் பம்பு அடித்துக்கொண்டே நடக்கும் சிரமமும் பாட்டரி வகையில் இல்லை. வயது சென்றவர்களும் பெண்களும் இதனை வெகுவாக விரும்புவதற்கு இதுவே காரணம். உயர்ந்த மாமரங்களின் உச்சிவரையில் மருந்து எட்டவேண்டிய தோப்புகளில் மாத்திரம் பலத்த காற்றுடன் வீசும் பெட்ரோல் வகைக்கு இடமுண்டு. எந்த வகையானாலும் மருந்து விஷமே. வேலை சுலபமாகிவிட்டதென்று மூக்கையும் வாயையும் மூடாமல் வயலில் இறங்கலாகாது.

இரண்டாவதான புல்வெட்டும் யந்திரத்தில் கணக்கு தலைகீழாகிறது. வரப்புப் புல்லையும் வாய்க்காற்கரைச் செடிகளையும் வெட்டுகையில் சராசரி 500 வாட் சக்தி வேண்டுமென்று கொள்வோம். 36 வோல்ட், 5 ஆம்பியர்-மணி லித்தியம் பாட்டரி ஒன்று 180 வாட்-மணி கொள்ளும். சுமார் இருபது நிமிஷத்தில் ஓய்ந்துவிடும். ஆறு மணி நேரம் வேலை செய்ய இப்படிப் பதினாறு பதினேழு பாட்டரிகள் வேண்டும். அல்லது வயலுக்கும் வீட்டுக்கும் நடந்துகொண்டிருக்கவேண்டும். அதே ஆறு மணி நேரத்துக்கு, மணிக்கு அறுநூறு மில்லி லிட்டர் வீதம், நாலு லிட்டருக்குக் குறைவான பெட்ரோல் ஒரு சிறு டப்பாவில் அடங்கிவிடும்.

செலவைப் பற்றிப் பலருக்கு ஒரு தவறான எண்ணமுண்டு. மின்சாரம் மலிவு, ஆதலால் பாட்டரியும் மலிவு என்று நினைக்கிறார்கள். அத்தகைய பாட்டரி 10,000 ரூபாய் என்றும், ஐந்நூறு தடவை ஏற்றலாம் என்றும் வைத்துக்கொண்டால் ஒரு தடவைக்குத் தேய்மானம் 20 ரூபாய். அதைக்கொண்டு கிடைக்கும் இருபது நிமிஷ வேலைக்குப் பெட்ரோல் ஆகும் செலவும் ஏறக்குறைய 20 ரூபாய்தான். பெட்ரோலில் மிச்சமாவது பாட்டரியின் தேய்மானத்தில் போய்விடுகிறது. பாட்டரியின் விலை இறங்கினாலோ, ஆயிரம் தடவை தாங்கினாலோ தராசு அந்தப் பக்கம் சாயும். அன்றியும் பாட்டரி சும்மா வைத்திருந்தாலும் முதுமையடைவது. வருஷத்தில் பத்து நாள் மட்டுமே உபயோகமாகும் சாமானுக்கு விலையுயர்ந்த பாட்டரி வாங்குவது விவேகமன்று. வீட்டைச் சுற்றியுள்ள புல், பள்ளிக்கூட மைதானம், கோயில் நந்தவனம் போன்ற அரைமணி வேலைகளுக்கோ பாட்டரி வகை நன்றாகவே பொருந்தும். வேலிக்காத்தான் படர்ந்த ஏரிக்கரைக்கு அது ஏற்றதன்று.

சங்கிலி ரம்பத்தின் சரித்திரத்தில் ஒரு வேடிக்கை உண்டு. ஜெர்மனியில் ஆண்ட்ரியாஸ் ஸ்டீல் என்பவர் 1926-ல் செய்த முதல் ரம்பம் மின்சாரத்தில் ஓடுவது. பெட்ரோல் ரம்பத்தை அவர் 1929-ல்தான் செய்தார். மின்சாரமே முந்தியது, ஆனால் காட்டுக்குள் கம்பி போகாததனால் பெட்ரோல் அதை வென்றது. இன்றும் நியாயம் அதுவே. சவுக்குத் தோப்பில் நாள் முழுதும் மரம் சாய்க்கும் கூட்டத்தாருக்குப் பெட்ரோல் ரம்பம். வெட்டிய கட்டையை விறகுத் தொட்டியில் ஓரிடத்தில் வைத்துத் துண்டு போடுவதற்குக் கம்பியில் ஓடும் மின்சார ரம்பம். தோட்டத்தில் கிளை கழிப்பதற்குச் சிறு பாட்டரி ரம்பம். ரம்பத்தின் நுனி கட்டையில் மோதினால் பட்டை முழுவதும் ஓட்டுபவனின் முகத்தை நோக்கித் திடீரெனத் துள்ளும். பெட்ரோலானாலும் பாட்டரியானாலும் இந்த அபாயம் ஒன்றே. பாட்டரி ரம்பம் சத்தமின்றிச் சாதுவாகக் காணப்படுவதால் அதனிடம் அஜாக்கிரதை அதிகம். லுங்கியும் தொங்கும் துண்டும் கட்டிக்கொண்டு இதனைத் தொடுவதை எந்தச் சங்கமும் அனுமதிக்கக்கூடாது.

சத்தமும் புகையும் பணக் கணக்கில் வராவிட்டாலும் உடம்பின் கணக்கில் வருகின்றன. 85 டெசிபலுக்கு மேற்பட்ட இரைச்சலில் தினம் எட்டு மணி நேரம் வேலை செய்தால் செவிப்புலன் கெடத் தொடங்கும். பெட்ரோல் புல்வெட்டி ஓட்டுபவனின் காதருகில் 90-ஐயும் தாண்டும். காதடைப்பான் சில ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதை வாடகைச் சாமானோடு சேர்த்தே கொடுக்கவேண்டும். அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்தார் 2021-ல் ஒரு சட்டம் செய்து, 2024 முதல் விற்பனைக்காகப் புதிதாகச் செய்யப்படும் புல்வெட்டி முதலிய சிறு யந்திரங்களில் பெரும்பாலானவை புகையற்றவையாயிருக்க வேண்டுமென்று விதித்ததும் இவ்விஷயம் பற்றியே. இந்த ஜில்லாவிலேயே வேடந்தாங்கல் கிராமத்தார், ஏரிக்கு வரும் பறவைகள் மிரளாதிருக்கும்பொருட்டுத் தீபாவளிக்கும் பட்டாசு வெடிப்பதில்லை. அத்தகைய ஏரிகளின் அருகே, பறவை தங்கும் மாதங்களில், கூடுதல் செலவானாலும் பாட்டரியோ அரிவாளோ மேலானது.

பெட்ரோல் யந்திரங்கள் கெடுவதற்கு முக்கிய காரணம் உழைப்பன்று, ஓய்வே. 2025 முதல் நாடெங்கும் விற்கப்படும் பெட்ரோலில் 20 சதவிகிதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும்; கடலோர ஊர்களில் இந்த ஈரத்துக்குக் குறைவில்லை. சொர்ணவாரிப் பட்டம் முடிந்து தொட்டியில் பெட்ரோலுடன் நிறுத்திவிட்ட யந்திரம் சில மாதம் கழித்துக் கிளம்பாது. கார்புரேட்டரில் பிசின் படிந்திருக்கும். ஆகவே பட்டம் முடிந்ததும் தொட்டியைக் காலிசெய்து, இஞ்சின் தானாக நிற்கும்வரை ஓட்டி வைக்கவேண்டும். டூ ஸ்ட்ரோக் இஞ்சினுக்கு லிட்டருக்கு 20 மில்லி எண்ணெயா 40 மில்லியா என்பதைக் கம்பெனி கொடுத்த புஸ்தகத்தைப் பார்த்தே கலக்கவேண்டும். குறைந்தால் பிஸ்டன் இறுகிப்போகும்; அதிகமானால் கரியடையும். இந்த ஓர் அளவை யந்திரத்தின்மேலேயே பெயிண்டில் எழுதிவைப்பது நல்லது.

பாட்டரிக்கு வேண்டிய பக்குவம் வேறு. காரீயப் பாட்டரியைத் தீர்ந்த நிலையில் விட்டுவைத்தால் தகடுகள் கெட்டுவிடும். உபயோகமில்லாத காலத்திலும் மாதம் ஒருமுறை ஏற்றவேண்டும். லித்தியம் பாட்டரிக்கு வெப்பமே சத்துரு. கத்திரி வெயிலில் உபயோகித்த சூட்டோடு சார்ஜரில் பொருத்தாமல், நிழலில் ஆறவிட்டுப் பிறகு பொருத்தவேண்டும். கீற்றுக் கொட்டகையில் இரவு முழுவதும் ஆளின்றி ஏற்றுவது தீவிபத்துக்கு இடம் தருவதாகும். உப்பியதும் அடிபட்டதுமான பாட்டரியைத் தொடர்ந்து உபயோகிக்கலாகாது. வெவ்வேறு கம்பெனிகளின் பாட்டரிகள் ஒன்றுக்கொன்று பொருந்துவதில்லை. ஆகையால் சங்கம் பாட்டரி சாமான்கள் வாங்குவதானால் எல்லாவற்றையும் ஒரே வகைப் பாட்டரியில் ஓடக்கூடியவையாகத் தெரிந்தெடுப்பதில் பெரிய சிக்கனமுண்டு.

1904-ல், அப்போது செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்திருந்த திரூரில், இந்நாட்டின் முதல் விவசாயக் கூட்டுறவு நாணய சங்கம் பதிவாயிற்று. விதைக்கும் மாட்டுக்கும் கடன் கொடுக்கப் பிறந்த ஏற்பாடு இது. யந்திரத்தைப் பொதுவில் வைத்துக்கொள்வதற்கும் அதுவே தக்க ஏற்பாடு. 2014-ல் மத்திய சர்க்கார் தொடங்கிய விவசாய யந்திரத் திட்டத்தில் சிறு, குறு விவசாயிகளுக்கும் பெண்களுக்கும் ஆதிதிராவிட, பழங்குடியினருக்கும் விலையில் 50 சதவிகிதம் வரையும், மற்றவர்களுக்கு 40 சதவிகிதம் வரையும் உச்சவரம்புக்குட்பட்டு மானியம் வைக்கப்பட்டது. வாங்குமுன் வேளாண்மைப் பொறியியல் இலாகா அலுவலகத்தில் அப்போதைய விதிகளை விசாரித்துக்கொள்ளலாம். நாலைந்து பாட்டரி ஸ்பிரேயர்களும் இரண்டு பெட்ரோல் புல்வெட்டிகளும் கொண்டு ஆரம்பிப்பது ஒரு நடுத்தரச் சங்கத்துக்குப் போதுமானது. ஒவ்வொன்றுக்கும் தனிப் பக்கம் ஒதுக்கி, யார் எந்த நாள் எத்தனை மணி உபயோகித்தார், எந்த நிலையில் திருப்பித் தந்தார், எந்தப் பாட்டரி எத்தனை தடவை ஏற்றப்பட்டது என்பதை எழுதிவந்தால், இரண்டு வருஷம் சென்றபின் இங்கே உத்தேசமாகச் சொன்ன கணக்குகளுக்குப் பதிலாகச் சங்கத்தின் சொந்தக் கணக்கே கையிலிருக்கும். தேய்ந்த பாட்டரிகளைக் குப்பையிலோ ஏரியிலோ எறியாமல் விற்ற கடைக்கே திருப்பிக் கொடுக்கவேண்டும். 2022-ல் ஏற்பட்ட பாட்டரிக் கழிவு விதிகளின்படி அவற்றைச் சேகரித்து மறுசுழற்சி செய்விக்கும் பொறுப்பு உற்பத்தி செய்தவர்களுடையது. காரீயப் பாட்டரிக்குப் பழைய விலையும் கிடைக்கும். அதைக் கேட்டு வாங்கிச் சங்கத்தின் வரவில் வைக்க மறக்கலாகாது.