நின்று வேலை பார்க்கும் காலுக்கு ஒரு கணக்கு: வெரிகோஸ், ஈஎஸ்ஐ, 21,000 ரூபாய்



ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், ஒரகடம்னு இந்தப் பக்கம் ஷிப்ட் பஸ்ஸில் ஏறுகிற பெண்களில் நிறைய பேருக்கு லைனில் நின்றே வேலை. வல்லம் வடகாலில் மட்டும் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் விடுதியை சிப்காட் கட்டி, 2024 ஆகஸ்டில் திறந்தார்கள். அவ்வளவு பேர் இங்கே வேலைக்கு வந்திருக்காங்க.

"காலைப் பற்றி ஆடிட்டர் எதுக்குப் பேசணும்?"னு கேட்கலாம். காரணம் இருக்கு. வெரிகோஸ் வெயினை எப்போ கவனிக்கிறீங்க என்பதைப் பொறுத்து, அதே சிகிச்சை இலவசமாகவும் முடியலாம், பல மாதச் சம்பளத்தையும் முழுங்கலாம்.

முதலில், இது நரம்பு இல்லை

நம்ம ஊரில் இதை "நரம்பு சுருட்டல்"னு சொல்றோம். அதனால்தான் பலர் நரம்புக்குச் சத்து மாத்திரை, எண்ணெய்த் தேய்ப்புன்னு வருஷக்கணக்கில் காசைக் கரைக்கிறாங்க. உண்மையில் இது ரத்தக்குழாய்ப் பிரச்சினை. காலில் இருந்து ரத்தம் மேலே இதயத்துக்கு ஏறணும். கெண்டைக்கால் தசைதான் அதற்கு அடிபம்பு. குழாய்க்குள் இருக்கும் வால்வுகள் ஒருவழிக் கதவு மாதிரி, ஏறின ரத்தத்தைத் திரும்ப இறங்க விடாது. ஒரே இடத்தில் அசையாமல் நின்றால் பம்பு ஓடாது, ரத்தம் கீழே தேங்கும். நாளடைவில் வால்வு பழுதாகி, குழாய் வீங்கிச் சுருளும்.

பெண்களுக்கு இது கூடுதலாக வர ஹார்மோனும் கர்ப்பகாலமும் முக்கியக் காரணங்கள். அம்மாவுக்கு இருந்தால் மகளுக்கும் வர வாய்ப்பு அதிகம். டென்மார்க்கில் 12 வருஷம் தொடர்ந்து பார்த்த ஓர் ஆய்வில், பெரும்பாலும் நின்றோ நடந்தோ வேலை செய்யும் பெண்கள் வெரிகோஸுக்காக மருத்துவமனை போகும் வாய்ப்பு, மற்றவர்களைவிடச் சுமார் 1.8 மடங்கு இருந்தது.

தோலுக்கு அடியில் சிலந்திவலை மாதிரி சிவப்பாகவோ நீலமாகவோ மெல்லிய கோடுகள் மட்டும் தெரிந்தால் அது ஸ்பைடர் வெயின். பெரும்பாலும் ஆபத்து இல்லை.

காசு செலவில்லாத தடுப்பு

- லைனில் நிற்கும்போதே குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குங்க. ஒரு தடவைக்கு 10-15 போதும், அடிக்கடி செய்யணும்.
- பிரேக்கில் கொஞ்சம் நடங்க. ரூமுக்கு வந்ததும் தலையணை வைத்துக் காலை நெஞ்சு மட்டத்துக்கு மேலே 15 நிமிஷம் வையுங்க.
- உடல் எடையைக் கட்டுக்குள் வையுங்க.
- அழுத்தக் காலுறை வலியையும் வீக்கத்தையும் குறைக்கும். ஆனால் கெட்டுப்போன வால்வைச் சரிசெய்யாது. டாக்டர் சொல்லும் அழுத்த அளவில், காலை அளந்து வாங்கணும். சுகர் இருந்தாலோ காலுக்கு ரத்த ஓட்டம் குறைவு என்றாலோ கேட்காமல் போடக்கூடாது.

உட்காரும் உரிமை

2021இல் தமிழ்நாடு அரசு, கடை ஊழியர்களுக்கு இருக்கை தரணும்னு சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. கேரளா 2018லேயே கொண்டுவந்துவிட்டது. பலருக்குத் தெரியாத விஷயம், ஃபேக்டரிக்கு இது 1948லேயே வந்தாச்சு. தொழிற்சாலைகள் சட்டம் 44ஆவது பிரிவுப்படி, நின்று வேலை செய்ய வேண்டியவர்களுக்கு வேலைக்கு நடுவே ஓய்வு கிடைக்கும்போது உட்கார வசதி இருக்கணும். அதற்குப் பதிலாக வந்த 2020ஆம் ஆண்டு தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இருக்கை வசதி இருக்கு. தனியாகக் கேட்கத் தயக்கமா? பாதுகாப்புக் குழுவில் இருக்கும் தொழிலாளர் பிரதிநிதி மூலம் எழுதிக் கொடுங்க.

சரி, கணக்குக்கு வருவோம்

உங்க சம்பளம் 18,000னு வையுங்க. ஈஎஸ்ஐக்கு நீங்க கட்டுவது 0.75 சதவீதம், அதாவது 135 ரூபாய். கம்பெனி கட்டுவது 3.25 சதவீதம், 585 ரூபாய். மாசம் 720 ரூபாய் உங்க பெயரில் போகுது. டாப்ளர் ஸ்கேனில் இருந்து ஆபரேஷன் வரை இதற்குள் கேட்கலாம். முதலில் உங்க டிஸ்பென்சரி, அங்கிருந்து கே.கே.நகர் மாதிரி பெரிய ஈஎஸ்ஐ மருத்துவமனைக்கு ரெஃபரல்.

லீவுக்கும் பணம் உண்டு. 78 நாள் பங்களிப்பு இருந்தால், தினக்கூலியில் 70 சதவீதம், வருஷத்துக்கு 91 நாள் வரை. முதல் இரண்டு நாளுக்குக் கிடையாது. 18,000 சம்பளத்தில் ஒரு நாளுக்கு 600. அதில் 70 சதவீதம் 420. ஏழு நாள் ஓய்வு எடுத்தால் ஐந்து நாளுக்கு 2,100 ரூபாய் வரும். ஈஎஸ்ஐயின் தொழில்நோய்ப் பட்டியலில் வெரிகோஸ் இல்லாததால், வேலைக் காய இழப்பீடாக இதைக் கேட்க முடியாது. சாதாரண நோய்க் கணக்குதான்.

இன்கிரிமென்ட் வரும் மாசம் கவனம்

ஈஎஸ்ஐ சம்பள வரம்பு 21,000. ஜூலையில் உங்க சம்பளம் 21,500 ஆகுதுன்னா உடனே வெளியே போக மாட்டீங்க. செப்டம்பர் 30 வரை பங்களிப்பு பிடிப்பாங்க. அதற்கான பலன் காலம் அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை. அந்த ஜூன் முடிந்தால் கதவு மூடிடும். காலில் ஏற்கெனவே பிரச்சினை இருந்தால், அதற்குள் ஸ்கேனும் சிகிச்சையும் முடித்துவிடுங்க. உங்க தேதியை ஈஎஸ்ஐ கிளை அலுவலகத்தில் ஒரு தடவை உறுதி செய்துக்கோங்க.

அதன்பிறகு இரண்டு வழி:

1. கம்பெனி குரூப் இன்ஷூரன்ஸ். பெரும்பாலும் காத்திருப்புக் காலம் இருக்காது. ஆனாலும் ஹெச்ஆரிடம் பாலிசி காப்பி கேட்டுப் பாருங்க. வேலையை விட்டால் இந்தக் கவர் போயிடும்.
2. சொந்த பாலிசி. நிறைய பாலிசிகளில் வெரிகோஸுக்கு இரண்டு வருஷக் காத்திருப்பு இருக்கும். ஏற்கெனவே டாக்டர் கண்டுபிடித்த நோய் என்றால் மூன்று வருஷம் வரை போகலாம். ஃபார்மில் மறைக்காதீங்க. மறைத்தால் கிளெய்ம் நேரத்தில் அதுவே நிராகரிக்கக் காரணமாகும்.

கால் நன்றாக இருக்கும் 24 வயதிலேயே பாலிசி எடுத்துவிட்டால், தேவைப்படும் வயதில் காத்திருப்பு முடிந்திருக்கும். அழகுக்காக ஸ்பைடர் வெயினை நீக்குவதற்கு மட்டும் பொதுவாக இன்ஷூரன்ஸ் வராது, அது கைக்காசு.

பணத்தைப் பார்க்காமல் ஓட வேண்டிய நேரம்

ஒரு கால் மட்டும் திடீர்னு வீங்கி வலித்தால் ரத்தக்கட்டியாக இருக்கலாம், அன்றைக்கே போங்க. கூடவே மூச்சுத்திணறல் வந்தால் 108. கணுக்கால் பக்கம் தோல் கறுத்தாலோ, ஆறாத புண் வந்தாலோ தள்ளிப்போடாதீங்க. சுருண்ட குழாய் உடைந்து ரத்தம் கொட்டினால், படுத்துக் காலைத் தூக்கி, துணியால் அழுத்திப் பிடித்துக்கொண்டு உதவி கேளுங்க.

இன்றைக்கு ஒரு வேலை மட்டும் செய்யுங்க. பே ஸ்லிப்பை எடுத்து ஈஎஸ்ஐ பிடித்தம் இருக்கான்னு பாருங்க. இருந்தால், மாலையில் கால் கனத்து வீங்குகிறவர்கள் அடுத்த வீக்லி ஆஃபில் டிஸ்பென்சரிக்குப் போய்க் காட்டுங்க. மாசாமாசம் கட்டுகிற பணம், கேட்டால்தான் பலன் தரும்.