'சஃபர்' என்னும் வினைச்சொல்

'சஃபர்' என்றவுடன் 'துன்பப்படு' என்று பொருள் சொல்லிவிடுகிறோம். நோயைக் குறிக்கும்போது அதன்பின் 'ஃப்ரம்' வரும்: 'சஃபர் ஃப்ரம் ஆஸ்துமா'. நஷ்டம், தோல்வி, காயம் என்றால் 'ஃப்ரம்' வேண்டாம்: 'சஃபர் எ லாஸ்'.

ஆனால் 1582-இல் வெளிவந்த கத்தோலிக்க ரீம்ஸ் ஆங்கிலப் புதிய ஏற்பாட்டில், சிறு குழந்தைகளைத் தம்மிடம் வரவிடுமாறு இயேசு கூறுமிடத்திலும் (மாற்கு 10:14) இச்சொல்லே உள்ளது. 1611-இல் வந்த ஜேம்ஸ் மன்னர் பதிப்பிலும் அவ்வாறே. அங்கே 'துன்பப்படு' என்று கொண்டால், குழந்தைகள் துன்புற வேண்டும் என்றல்லவா ஆகிவிடும்! அங்கே அதன் பொருள் 'அனுமதி' என்பதே.

ஒரு சொல்லுக்கு இவ்விரு பொருள்களும் எப்படி வந்தன? 'கீழ்', 'சும' என்னும் பொருளுடைய இரு லத்தீன் சொற்கள் சேர்ந்து பிறந்தது இது. சுமையைத் தாங்குபவர் துன்புறுகிறார். பிறர் செய்கையைத் தாங்கிக்கொள்பவர் அதற்கு இடங்கொடுக்கிறார். நம் 'பொறு' என்னும் சொல்லும் இதைப் போன்றதே. வலியையும் பொறுக்கிறோம், பிறர் பிழையையும் பொறுக்கிறோம்.

'அனுமதி' என்னும் பொருள் இன்று பேச்சில் அரிது. எனினும் பழைய நூல்களும் ஜெபங்களும் நமக்கு விளங்க வேண்டுமானால், அகராதியின் முதற் பொருளோடு நின்றுவிடாமல் அடுத்த பொருளையும் படிப்போமாக!