கொல்லைப்புறத்துப் பாம்புகளும் குடியானவர் கடமையும்

மேற்கு மலைத் தொடருக்கும் மேகமலைக்கும் நடுவே நீண்டு கிடக்கும் கம்பம் பள்ளத்தாக்கானது, 1895-ம் ஆண்டில் முடிவுற்ற பெரியாறு அணையின் தண்ணீரால் செழித்த பூமியாகும். லோயர்கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் நிலம் இருபோக நெல் சாகுபடிக்கு உரியது. நஞ்சையை அடுத்துத் தென்னந்தோப்புகளும் வாழைத் தோட்டங்களும், சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி முதலிய ஊர்களில் திராட்சைப் பந்தல்களும் நிறைந்துள்ளன. தானியமும் தண்ணீரும் நிழலும் ஒருங்கே அமைந்த இடத்தில் எலியும் தவளையும் பெருகுவது இயல்பு. அவை பெருகிய இடத்தில் பாம்பும் வந்து குடியேறுவது அதைப்போன்றே இயல்பாகும்.

ஆயினும், பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பதற்கேற்ப, கொல்லையில் ஒரு பாம்பு தலை காட்டியவுடன் கூக்குரல் எழுகிறது. தடியும் கல்லும் கொண்டு நாலு பேர் கூடுகிறார்கள். அடித்துக் கொன்ற பின்னரே அது என்ன பாம்பு என்னும் கேள்வி பிறக்கிறது. பெரும்பாலும் அவ்விதம் மாள்வது, பகலில் வெளிவரும் விஷமற்ற சாரைப்பாம்பேயாகும். அதே வீட்டில் இரவில் அரவமின்றி நுழையும் கட்டுவிரியன் ஒருவர் கண்ணிலும் படுவதில்லை. அஞ்ச வேண்டியதற்கு அஞ்சாமலும், அஞ்ச வேண்டாததற்கு அஞ்சியும் நடப்பதால் விளையும் நஷ்டம் இருவகைப்படும். ஒன்று பயிருக்கு நேர்வது. மற்றொன்று உயிருக்கு நேர்வது.

2000 முதல் 2019 வரையிலான இருபது ஆண்டுகளில் இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தோர் சுமார் 12 இலட்சம் பேர் என்று 2020-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி கணக்கிட்டுள்ளது. ஆண்டுக்குச் சராசரி 58,000 பேராகிறது. இவர்களில் பெரும்பாலோர் கிராமவாசிகள். ஏறக்குறைய பாதி மரணங்கள் ஜூன் முதல் செப்டம்பர் வரையுள்ள மழைக்காலத்தில் நிகழ்ந்தவை. முதற்போகத்துக்குத் தண்ணீர் திறந்து, உழவும் நடவும் களையெடுப்பும் நடக்கும் காலமும் அதுவேயாதலால், இவ்விஷயம் பள்ளத்தாக்கின் விவசாயிகள் ஊன்றிக் கவனிக்கத்தக்கதாகும்.

விஷமுள்ள நால்வகை

இந்தியாவில் 300-க்கு மேற்பட்ட பாம்பினங்கள் உள்ளன. அவற்றுள் மனித உயிரைப் பெருமளவில் மாய்ப்பவை நான்கே. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்பன அவை. இந்நான்கையும் அமைதியான வேளையில், தக்க தூரத்திலிருந்தோ படங்களின் மூலமாகவோ பார்த்து மனத்தில் பதித்துக்கொள்வது ஒவ்வொரு குடும்பத்தாரின் கடமையாகும்.

நல்ல பாம்பு படம் எடுப்பதால் எளிதில் தெரிந்துவிடும். படத்தின் பின்புறம் மூக்குக் கண்ணாடி போன்ற குறி சாதாரணமாகக் காணப்படும். சிலவற்றில் அது மங்கியோ இல்லாமலோ இருத்தலும் உண்டு. எலி வளையே இதற்கு இருப்பிடமும் உணவுச்சாலையுமாகும்.

கட்டுவிரியன் நீலங்கலந்த பளபளப்பான கருநிறமுடையது. மெல்லிய வெண்ணிறக் கட்டுகள் பெரும்பாலும் இரண்டிரண்டாக அமைந்து, கழுத்தருகே மறைந்தோ மங்கியோ இருந்து, வாலை நோக்கிச் செல்லச் செல்லத் தெளிவடையும். முதுகின் நடுவரிசைச் செதில்கள் பெரியவையாயும் அறுகோணமாயும் இருக்கும். பெயரில் விரியன் என்றிருப்பினும் இது நல்ல பாம்பின் வகையைச் சேர்ந்தது. பகலில் சாதுவாகச் சுருண்டு கிடக்கும். இரவில் இரை தேடி வீட்டுக்குள் வரும். தரையில் படுத்துறங்குவோரைக் கடிக்கும். கடிவாயில் வலியோ வீக்கமோ தோன்றாததால், கடிபட்டவர் எறும்பு கடித்ததென எண்ணி மறுபடி உறங்கிவிடுவதும் உண்டு. விடியுமுன் வயிற்றுவலியும், கண்ணிமை சரிதலும், பேச்சுக் குழறலும், மூச்சுத் திணறலும் உண்டாகலாம். நான்கிலும் மிகவும் அஞ்சத்தக்கது இதுவே.

கண்ணாடி விரியன் பருத்த உடலும், முக்கோணத் தலையும், ஒடுங்கிய கழுத்தும் உடையது. முதுகிலும் இருபக்கங்களிலும் சங்கிலிக் கண்ணிகள் போன்ற நீள்வட்டப் புள்ளிகள் மூன்று வரிசையாக இருக்கும். சினங்கொண்டால் கொல்லனது துருத்தியைப்போல் பெருத்த ஓசையுடன் சீறும். முட்டையிடாமல் குட்டி ஈனும். ஒரே ஈற்றில் 20 முதல் 40 வரை குட்டிகள் பிறத்தல் சாதாரணம். பிறந்த குட்டிக்கும் விஷமுண்டு. அறுவடைக் காலத்தில் தாளடியிலும் வரப்போரத்திலும் கையிலும் காலிலும் கடிப்பது பெரும்பாலும் இதுவே. இதன் விஷம் இரத்தம் உறையாமற் செய்து சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

சுருட்டை விரியன் ஒரு முழத்துக்குச் சற்று ஏறக்குறைய நீளமுள்ள சிறு பாம்பு. வறண்ட நிலங்களிலும் கற்குவியல்களிலும் வாழும். தலையின்மேல் பறவையின் கால்தடம் போன்ற குறியிருக்கும். அச்சமுற்றபோது உடலை வளைத்துச் செதிலோடு செதிலை உரசி, ரம்பம் அறுப்பது போன்ற ஓசை எழுப்பும். சிறியதென்று அலட்சியம் செய்தல் கூடாது.

மேகமலை, போடி மெட்டு ஆகிய மலைப்பகுதிகளின் ஏலத் தோட்டங்களில் வேலை செய்வோர் குழிவிரியன்களைக் குறித்தும் எச்சரிக்கையாயிருத்தல் வேண்டும். செடியிலும் தரைச் சருகிலும் நிறம் ஒன்றிக் கிடப்பதால் இவை கண்ணுக்குப் புலப்படுவது அரிது.

ஐயத்தால் மாளும் பாம்புகள்

சாரைப்பாம்பு நல்ல பாம்பெனக் கருதப்பட்டுக் கொல்லப்படுகிறது. சாரைக்குப் படம் இல்லை. கண்கள் பெரியவை, உதட்டுச் செதில்களின் ஓரத்தில் கருங்கோடுகள் உண்டு, உடலின் பின்பாதியில் கறுப்புப் பட்டைகள் தெரியும். ஆறடிக்கு மேலும் வளரும். வெள்ளிக்கோல் வரையனைக் கட்டுவிரியன் என்று எண்ணி அடிப்பவர் பலர். இதன் நிறம் பழுப்பு. கட்டுகள் கழுத்திலேயே தொடங்கி முன்பாதியில் தெளிவாயிருந்து வாலை நோக்கி மங்கும். கட்டுவிரியனில் இது நேர்மாறாகும். மண்ணுளிப் பாம்பும் மலைப்பாம்புக் குட்டியும் கண்ணாடி விரியனாகத் தோன்றலாம். இவற்றின் புள்ளிகள் ஒழுங்கற்றுப் பரந்திருக்கும். மண்ணுளியின் வால் குட்டையாயும் மழுங்கியும் இருக்கும். வயலிலும் வாய்க்காலிலும் திரியும் தண்ணீர்ப் பாம்பு சீறிக் கடிக்குமாயினும் விஷமற்றது. ஐயம் தீராதபோது, விஷப்பாம்பென்றே கொண்டு விலகி நிற்பதே அறிவுடைமை.

தவறான நம்பிக்கைகள்

சாரை, நல்ல பாம்பின் ஆண் என்பர். இரண்டும் வெவ்வேறு இனம். இரண்டிலும் ஆணும் பெண்ணும் உண்டு. கொம்பேறி மூக்கன் தான் கடித்தவரின் சிதைப்புகையைக் காண மரத்தின்மேல் ஏறிக் காத்திருக்கும் என்பர். அது விஷமற்ற, மரத்தில் வாழும் ஓர் எளிய பாம்பு. பச்சைப்பாம்பு கண்ணைக் கொத்தும் என்பதும், பாம்பு பழிவாங்கும் என்பதும் ஆதாரமற்றவை. மண்ணுளிப் பாம்புக்கு இருதலையென்றும், அது பல இலட்சம் பெறுமென்றும் கூறிப் பணம் பறிக்கும் மோசடிக்காரரிடம் ஏமாறுதல் கூடாது.

மந்திரத்தாலும் பச்சிலையாலும் கடி குணமாயிற்று என்பாரும் உளர். கடிக்கும் பாம்புகளிற் பல விஷமற்றவை. விஷப்பாம்பும் சிலவேளை விஷம் செலுத்தாமலே கடிப்பதுண்டு. அவ்விதம் பிழைத்தவர்களே மந்திரவாதிக்குப் புகழ் தேடித் தருகிறார்கள். உண்மையில் விஷம் ஏறியவர் அவ்விடத்தில் இழந்த ஒவ்வொரு நாழிகையும் அவரது ஆயுளில் கழிவதாகும்.

எலியும் பாம்பும்

வரப்பெலி இரவில் தூர்களை வெட்டி நாசம் செய்து, கதிர்களை வளையில் சேமிக்கிறது. தென்னையில் குரும்பைகளைக் கடித்து உதிர்ப்பதும் எலியே. சுமார் மூன்று வாரக் கருப்பத்தில் குட்டிகளை ஈன்று பெருகும் இப்பகையை, வளைக்குள்ளேயே புகுந்து பிடிக்கவல்லது பாம்பு. ஆகவே வயற்புறத்துச் சாரையைக் கொல்பவர் தம் நெல்லைக் காக்கும் கூலியில்லாக் காவற்காரனைக் கொன்றவராகிறார். 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் பாம்பைக் கொல்வதைக் குற்றமெனக் கொண்டுள்ளது. வீட்டினுள் பாம்பு புகுந்துவிடின் தீயணைப்பு நிலையத்துக்கோ வன இலாகாவுக்கோ தெரிவித்து, ஆட்கள் வருமளவும் தூரத்திலிருந்து கண்காணித்தல் போதுமானது.

வயலில் பாம்பு இருக்கலாம், வீட்டில் இருத்தலாகாது. இதற்குச் செய்ய வேண்டியவை பின்வருமாறு:

1. விறகு, எருமுட்டை, தென்னமட்டை, செங்கல் ஆகிய குவியல்களையும் வைக்கோற் படப்பையும் வீட்டுச் சுவரை ஒட்டி வையாமல் தள்ளி வைத்தல் வேண்டும்.

2. சுவர் வெடிப்புகளையும் எலி வளைகளையும் அடைத்து, தானியத்தை மூடிய குதிரிலோ தகரப் பெட்டியிலோ சேமித்தல் வேண்டும். கோழிக்கூட்டை வீட்டுக்கு வெளியே அமைத்தல் நலம்.

3. தரையில் படுக்காமல் கட்டிலில் படுத்து, கொசுவலையின் ஓரங்களைப் படுக்கையின் கீழ்ச் செருகிக்கொள்ள வேண்டும். கட்டுவிரியனுக்கு இதனினும் சிறந்த காப்பு வேறில்லை.

4. இரவில் தண்ணீர் பாய்ச்சச் செல்வோர் கை விளக்கும், முழங்கால் மறையும் ரப்பர் பூட்ஸும் இன்றிச் செல்லலாகாது.

5. வாழைச் சருகு, களைக் குவியல், கதிர்க்கட்டு ஆகியவற்றில் கை வைக்குமுன் கோலால் தட்டிப் பார்த்தல் வேண்டும்.

கடிபட்டால் செய்ய வேண்டியவை

கடிபட்டவரை அசையாமல் படுக்க வைத்துத் தைரியம் கூற வேண்டும். மோதிரம், மெட்டி, கொலுசு, வளையல் ஆகியவற்றை உடனே கழற்றிவிட வேண்டும். கடிபட்ட உறுப்பை ஒரு மட்டை கொண்டு அசையாதபடி தளர்வாகக் கட்டி, 108 வண்டியிலோ கிடைத்த வேறு வண்டியிலோ ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லல் வேண்டும், நடக்கவிடலாகாது. கயிற்றால் இறுகக் கட்டுதல், கடிவாயைக் கீறுதல், வாயால் உறிஞ்சுதல், சுடுதல் ஆகியவை தீங்கே பயக்கும்.

பாம்பைத் தேடிப் பிடித்துக் கொண்டுபோக வேண்டுவதில்லை. அம்முயற்சியில் இரண்டாமவரும் கடிபடக்கூடும். நம் நாட்டில் வழங்கும் விஷமுறிவு மருந்து மேற்கூறிய நால்வகைப் பாம்புகளின் விஷத்துக்கும் பொதுவானது. இரத்தம் இருபது நிமிஷத்தில் உறைகின்றதா என்று பார்த்தும், பிற குறிகளைக் கொண்டும் வைத்தியர் சிகிச்சையைத் தீர்மானிப்பார். கம்பம், உத்தமபாளையம், போடி, பெரியகுளம் ஆகிய ஊர்களில் அரசாங்க ஆஸ்பத்திரிகளும், க.விலக்கில் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியும் உள்ளன.

இம்மருந்தின் வரலாறும் அறியத்தக்கது. பாம்பின் விஷத்தைச் சிறுகச் சிறுகக் குதிரைக்குச் செலுத்தி, அதன் இரத்தத்தில் தோன்றும் எதிர்ப்புச் சத்தைப் பிரித்தெடுத்தே இது தயாரிக்கப்படுகிறது. அதற்குரிய விஷத்தின் பெரும்பகுதியைப் பல்லாண்டுகளாக அளித்து வந்திருப்பது, செங்கற்பட்டு ஜில்லா வடநெம்மேலியில் 1978-ல் தோன்றிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கமாகும். முற்காலத்தில் தோலுக்காகப் பாம்பைக் கொன்று ஜீவித்த அச்சமூகத்தார், சட்டம் வந்த பின்னர் உயிருடன் பிடித்து விஷமெடுத்து மீண்டும் காட்டில் விடும் தொழிலை மேற்கொண்டனர். அவர்களில் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-ல் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது. கொல்லாமலே பாம்பை ஆளலாம் என்பதற்கு அவர்களினும் தக்க சான்று வேண்டுவதில்லை.

கிராம அதிகாரிகளுக்கு

2024-ம் ஆண்டு நவம்பர் மாதத்தில் தமிழ்நாடு அரசாங்கம், 1939-ம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டத்தின்படி பாம்புக்கடியை அறிவிக்கப்பட வேண்டிய வியாதியாகப் பிரகடனம் செய்தது. எனவே ஆஸ்பத்திரிகள் ஒவ்வொரு கடியையும் மரணத்தையும் தெரிவிக்கக் கடமைப்பட்டுள்ளன. ஆயினும் வீட்டிலேயே நேரும் மரணம் அக்கணக்கில் ஏறாமற் போகும். மரணத்தைப் பதியும் கிராம அதிகாரி காரணத்தைச் செம்மையாய் விசாரித்து எழுதினாலன்றி, எந்த ஊருக்கு எவ்வளவு மருந்து வேண்டுமென்பது மேலிடத்துக்குத் தெரியவராது. அறுவடைக்கு முன்னர், நான்கு பாம்புகளின் படங்களையும் ஆஸ்பத்திரியின் தூரத்தையும் சாவடியிலும் பள்ளிக்கூடத்திலும் ஒட்டி வைப்பதும் அவர்களால் எளிதில் இயலும்.

பாம்பை வணங்கும் வழக்கமும் பாம்பைக் கண்டால் அடிக்கும் வழக்கமும் ஒரே கிராமத்தில் நெடுங்காலமாக இருந்து வருகின்றன. இரண்டுக்கும் காரணம் பயமே. அப்பயத்தை அறிவாக மாற்றிக்கொள்ளும் மிராசுதாரரின் வயலில் எலி குறையும். வீட்டில் கட்டிலும் கொசுவலையும் விளக்கும் இருக்கும். கடி நேர்ந்தால் வண்டி மந்திரவாதியின் வாசலில் நில்லாது நேரே ஆஸ்பத்திரிக்குச் செல்லும். இம்மூன்றையும் அனுஷ்டித்து, தம் குடும்பத்தாரையும் தம்மிடம் கூலிக்கு வரும் ஏழை ஜனங்களையும் விவசாயிகள் காப்பார்களாக.