தாய்ப்பலகையும் குளிர்விப்பானும்

உறுப்புக்களைத் தனித்தனியே வாங்கித் தன் கையாலே முதன்முறை கணினியொன்றை அமைக்க முற்படுவோன் பெரும்பாலும் மின்சாரத்தையே அஞ்சுவன். அவ்வச்சம் தகாததன்று. ஆயினும், முதன்முயற்சி பிழைபடுவது மிகச் சிறியவற்றாலேயாம். பித்தளைத் தூணொன்று இடம்மாறி நிற்றலும், மெல்லிய பிளாஸ்ரிக்குத் தாளொன்று அகற்றப்படாதிருத்தலும் புதுப் பொறியைப் பயனறச் செய்ய வல்லன.

செயலி, நினைவகம் முதலிய யாவும் வந்து பொருந்தும் மின்சுற்றுப் பலகையே தாய்ப்பலகை. 1995 ஆம் ஆண்டிலே இன்ரெல் நிறுவனம் வகுத்த ஏ.ரீ.எக்ஸ். அளவுத்திட்டத்தின்படி முழுப்பலகையொன்று 305 மில்லிமீற்றர் நீளமும் 244 மில்லிமீற்றர் அகலமும் உடையது. அத்திட்டம் இன்றும் நிலவுவதாலேயே ஒருவர் செய்த பலகை வேறொருவர் செய்த பெட்டியிற் பொருந்துகின்றது. பலகையின் பின்புறத்திலே பற்றாசு முனைகள் வெளிப்பட்டு நிற்கும். அவை உலோகப் பெட்டியைத் தீண்டிற் குறுஞ்சுற்று உண்டாகும். அதனைத் தடுத்தற்கே சிறு பித்தளைத் தூண்கள் பலகையை உயர்த்தி நிறுத்துகின்றன. பலகையின் துளைகளுக்கு நேரே மாத்திரம் அவை இருத்தல் வேண்டும். பெரிய பெட்டியிலே சிறிய பலகையை இடுவோர் மிகுதியான தூணைக் கழற்ற மறப்பரேல், காக்க வைத்த தூணே கேடு செய்தல் கூடும்.

எனினும், பலகையைப் பெட்டியுள் இடுமுன்னரே செயலியையும் குளிர்விப்பானையும் பொருத்திவிடுதல் நன்று. பல குளிர்விப்பான்களுக்குப் பலகையின் பின்னேயும் ஒரு தாங்குதகடு வேண்டும்; பெட்டியுட் சென்றபின் அப்பக்கம் கைக்கு எளிதில் எட்டாது. உடலிலுள்ள நிலைமின் நீங்கப் பெட்டியின் உலோகத்தைத் தொட்டபின்னரே செயலியை எடுத்தல் வேண்டும். 2022 இல் வெளிவந்த ஏ.எம்.5 வகைப் பீடத்தில் 1718 நுண்ணிய தொடுகைகள் உள. முக்கோணக் குறிகளை நேர்ப்படுத்தி வைத்தாற் செயலி தானே அமரும். அழுத்தினாற் கம்பிகள் வளையும்.

இனிக் குளிர்விப்பான். செயலி கொள்ளும் மின்சத்தி ஈற்றில் வெப்பமாகவே மாறும். 65 உவாற்றுச் செயலியொன்று, பழைய 60 உவாற்று இழைமின்குமிழ் கொண்ட அளவு சத்தியைத் தீப்பெட்டி முகத்தினும் சிறிய பரப்பினின்றும் வெளிவிடுகின்றது. செயலியின் மேற்றகடும் குளிர்விப்பானின் அடியும் கண்ணுக்கு ஒப்புரவாகத் தோன்றினும், நுண்ணிய மேடுபள்ளங்கள் உடையன; அவற்றிடையே வளி தங்கும். வெப்பங் கடத்தும் திறன் செம்புக்கு ஏறத்தாழ 400 எனின், வளிக்கு அதே அலகில் 0.026 மாத்திரமே. சாதாரண வெப்பப்பசைக்கு அது 10 இற்கும் குறைவு. ஆகவே, பசை வளியினும் மிகச் சிறந்தது. செம்பினும் நாற்பது மடங்கிற்கு மேலாகத் தாழ்ந்தது. பள்ளத்தை நிரப்பும் அளவே அதன் பயன். நடுவில் ஒரு பட்டாணியளவு போதும். இடியப்பத்திற்குச் சொதி வார்ப்பதுபோல் வார்ப்போர் வெப்பத்திற்கு வழிவிடாது தடையே செய்கின்றனர். சில குளிர்விப்பான்களிற் பசை முன்னரே பூசப்பட்டிருக்கும். அவற்றிற்கு வேறு பசை வேண்டா.

அடியிலொட்டிய காப்புத்தாளை உரித்தபின், திருகாணிகளை மூலைக்கு மூலை மாற்றிச் சிறிது சிறிதாக முறுக்குதல் வேண்டும். ஒருபக்கத்தை முற்ற முறுக்கின் மறுபக்கம் மேலெழும். மின்விசிறியின் கம்பியைச் 'சி.பி.யூ. பான்' என்று பொறித்த முனையிலே செருகுக.

முதன்முறை இயக்கியதும் பயோசு திரையில் வெப்பநிலையை நோக்கல் வேண்டும். சில நிமிடங்களுள் அது 90 பாகை செல்சியசை நெருங்குமாயின், உடனே நிறுத்திக் குளிர்விப்பானைக் கழற்றி அடியை நோக்குக. தாள் அங்கே இருத்தல் கூடும். பழைய பசையைத் துடைத்துப் புதியது இட்டபின்னரே மீளப் பொருத்துதல் வேண்டும்.