நெல்லுக்குக் காய்ச்சலும் பாய்ச்சலும்: மடை முழுக்கச் சேர்ந்தால்தான் பலன்

நெல் வயலில் எப்போதும் தண்ணீர் நிற்க வேண்டும் என்பது நம் பழக்கம். பயிரின் தேவை அல்ல. பெரியவர்கள் சொன்ன 'காய்ச்சலும் பாய்ச்சலும்' முறையைச் சரியாகச் செய்தால் விளைச்சல் குறையாமல் 30 சதவீதம் வரை தண்ணீரை மிச்சப்படுத்தலாம்.

இன்னொரு பலனும் உண்டு. தண்ணீர் தேங்கிய மண்ணுக்குக் காற்று கிடைக்காது. அங்கு பெருகும் நுண்ணுயிரிகள் புவியை வெப்பமாக்கும் மீத்தேன் வாயுவை உண்டாக்குகின்றன. இடையிடையே வயலைக் காயவிட்டால் இது பாதியளவு வரை குறையும். 2070-க்குள் நிகர பூஜ்ய உமிழ்வை எட்டுவதாக இந்தியா 2021-ல் அறிவித்தது. அதில் ஒரு பங்கு நம் மடைகளில்தான் இருக்கிறது.

செய்முறை

30 செ.மீ. நீளமுள்ள அகலமான பிவிசி குழாயின் கீழ்ப்பாதியில் சுற்றிலும் துளையிடவும். துளையுள்ள பாதியை வரப்போரமாக வயலில் பதித்து, குழாய்க்குள் இருக்கும் மண்ணை அள்ளிவிடவும். நட்ட 15 நாள் கழித்துத் தொடங்கலாம். களை அதிகமிருந்தால் மேலும் ஒரு வாரம் பொறுக்கவும். குழாயில் நீர் மண் மட்டத்துக்கு 15 செ.மீ. கீழே இறங்கியதும், வயலில் 5 செ.மீ. நிற்கும்படி பாய்ச்சவும். பூக்கும் தருணத்தில், ஒரு வாரம் முன்னும் பின்னும், காயவிடக் கூடாது.

ஏன் பலர் செய்வதில்லை?

கீழக்குயில்குடி போன்ற மதுரைச் சுற்றுவட்டாரக் கிராமங்களில் இதற்குக் காரணம் அறியாமை அல்ல. அடுத்த தண்ணீர் எப்போது வரும் என்று தெரியாதவர், வரும்போதே நிறைத்து வைக்கிறார். அது நியாயமே. வயலுக்கு வயல் பாயும் இடத்தில் மேல் வயலைக் காயவிட்டால் கீழ் வயலுக்கும் தண்ணீர் போகாது. கிணற்றுப் பாசனத்திலோ, 1990 முதல் மின்சாரம் இலவசம் என்பதால், மின்சாரம் இருக்கும்வரை மோட்டார் ஓடட்டும் என்று விட்டுவிடுகிறோம்.

என்ன செய்யலாம்?

கிணறு உள்ளவர்கள் இந்தப் பட்டத்தில் ஒரு வயலில் மட்டும் தொடங்கவும். குழாயைப் பாதையோரம் பதித்தால் அக்கம்பக்கத்தாரும் பார்ப்பார்கள். பக்கத்து வயலின் தூரையும் கதிரையும் ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் எங்கள் பேச்சைவிட நம்பிக்கை தரும்.

கண்மாய்ப் பாசனத்தில் ஒரே மடையில் பாயும் எல்லோரும் கூடி, யாருக்கு எந்த நாள் என்று முறை வைத்து எழுதிக்கொள்ளவும். முறை தவறாது என்ற உறுதி இருந்தால்தான் வயலைக் காயவிட மனம் வரும். அந்த உறுதி இல்லாத மடையில் தனியாளாக முயல வேண்டாம்.