வடிகாலும் ஊர்ப்பெயரும்

நீர் நின்ற இடங்களுக்கும் நீர் சென்ற வழிகளுக்கும் தமிழில் வழங்கிவரும் பெயர்கள் பல. ஏரி, குளம், ஏந்தல், தாங்கல், மடு, ஓடை, வாய்க்கால், கலிங்கல், மறுகால் என நீளும் இவ்வரிசையில் ஒவ்வொரு சொல்லுக்கும் தனித்தொழில் உண்டு. ஏரி நிரம்பியபின் மிகைநீர் வழியும் இடம் கலிங்கல்; அந்நீர் அடுத்த ஏரியை நாடிச் செல்லும் போக்கு மறுகால். நீர் நிற்க இடம் வகுத்தோர், நிரம்பியபின் அது போகவும் வழி வகுத்தனர் என்பதற்கு இவ்விரு சொற்களே சான்று. இன்று உள்ளாட்சி அமைப்புகள் ‘மழைநீர் வடிகால் திட்டம்’ என்ற பெயரில் செய்ய முயல்வதும் இதனையே. அம்முயற்சி எங்கே இடறுகிறது என்பதைச் சென்னை மாநகரை முன்வைத்து நோக்குவோம்.

முதலில் கணக்கு. ஒரு ஹெக்டேர் நிலத்தில் 1 செ.மீ. மழை பெய்தால் விழும் நீர் 1 இலட்சம் லிட்டர். 2011-இல் விரிவாக்கப்பெற்ற சென்னை மாநகராட்சியின் பரப்பு 426 சதுர கிலோமீட்டர். அப்பரப்பு முழுதும் ஒரே நாளில் 10 செ.மீ. மழை பெய்யுமாயின் சேரும் நீர் ஏறத்தாழ ஒன்றரை டி.எம்.சி.! செம்பரம்பாக்கம் ஏரியின் முழுக் கொள்ளளவே 3.6 டி.எம்.சி. அளவினதுதான். மண்ணாகக் கிடந்த நிலம் இந்நீரில் ஒரு பகுதியை உறிஞ்சிக்கொள்ளும். கூரையும் சிமெண்டுத் தளமும் தார்ச்சாலையும் அவ்வாறு செய்வதில்லை. பொறியாளர் வடிகாலின் அளவைக் கணிக்கையில் மழையின் கடுமை, நீரைத் தரும் நிலப்பரப்பு, அந்நிலம் நீரை வழியவிடும் விகிதம் ஆகிய மூன்றையும் பெருக்கிப் பார்ப்பர். கட்டடம் பெருகப் பெருக மூன்றாவது எண் உயரும். ஆதலின் மழை மிகாமலேயே வெள்ளம் மிகும். நேற்றைய எண்ணைக் கொண்டு கட்டிய வடிகால் இன்றைய நகருக்குப் போதாது.

இனி நிலத்தின் வரலாறு. மாம்பலத்தின் நீண்ட ஏரி வடிக்கப்பெற்று 1920-களில் தியாகராய நகர் உருவாயிற்று. நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில் 1976-இல் வள்ளுவர் கோட்டம் எழுந்தது. மேற்கு மாம்பலத்தில் ‘லேக் வியூ ரோடு’ இருக்கிறது. பார்ப்பதற்கு ஏரிதான் இல்லை. பழவந்தாங்கல், ஐயப்பன்தாங்கல் என்னும் பெயர்களில் தாங்கல் இன்றும் ஒலிக்கிறது. 2021 நவம்பரில் தியாகராய நகர்த் தெருக்களில் நீர் நின்றபோது பலரும் வியந்தனர். ஏரிப் படுகையில் நீர் நிற்பதில் வியக்க என்ன இருக்கிறது? ‘ஆக்கிரமிப்பு’ என்றவுடன் வாய்க்கால் கரையிலுள்ள குடிசையைச் சுட்டுவதே நம் வழக்கமாகிவிட்டது. ஏரிகளை மனைகளாக்கியதில் ஆட்சியினரே முன்னின்றனர் என்பதை எளிதில் மறந்துவிடுகிறோம்.

பிறிதொரு இடர் நிருவாகம் பற்றியது. மழைநீர் வடிகால் மாநகராட்சியின் பொறுப்பு. கழிவுநீர் 1978-இல் தோன்றிய குடிநீர், கழிவகற்று வாரியத்தின் பொறுப்பு. ஆறும் ஏரியும் நீர்வளத் துறையினுடையவை. நெடுஞ்சாலையோர வடிகால் நெடுஞ்சாலைத் துறையைச் சாரும். மனைப்பிரிவுக்கு இசைவு தருவது பெருநகர் வளர்ச்சிக் குழுமம். மாடியில் விழும் ஒரு துளி கடலை அடையுமுன் இத்தனை அலுவலகங்களைக் கடக்க வேண்டும். துளிக்கோ எல்லைகள் தெரியா. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2010-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், நகர வெள்ளத்தை ஆற்று வெள்ளத்தினின்றும் வேறுபடுத்தி, நீர்ப்பிடிப்புப் பரப்பையே திட்டத்தின் அடிப்படையாகக் கொள்ளுமாறு கூறின. பின்னர்ச் சென்னையில் கொசத்தலையாற்று வடிநிலம், கோவளம் வடிநிலம் எனப் பகுத்து வடிகால் பணிகள் தொடங்கப்பெற்றது வரவேற்கத்தக்கதே. எனினும் நீரின் வழியை நோக்கி வடிகாலை வகுத்துவிட்டு, மனைக்கான இசைவைப் பழைய முறையிலேயே வழங்குவோமாயின் பயன் சிறிதே.

தென்சென்னை இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. அங்குள்ள பல ஏரிகளின் மிகைநீர் பள்ளிக்கரணைச் சதுப்பில் சேர்ந்து, ஒக்கியம் மடுவு வழியே பக்கிங்காம் கால்வாயை அடைந்து, கோவளம் அருகே கடலில் கலக்கிறது. சதுப்பின் பெரும்பகுதி கட்டடங்களாகவும் குப்பை மேடாகவும் மாறியபின், எஞ்சியதில் 1,247 ஹெக்டேர் 2022-இல் ராம்சார் தகுதி பெற்றது. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் இச்சுற்றுப்புறம் நீரில் மூழ்கியது. நகரின் நீர்க்கரைகளில் வாழ்ந்த ஏழை மக்களை வெள்ளத்திலிருந்து காப்பதாகச் சொல்லிப் பெரும்பாக்கத்திலும் செம்மஞ்சேரியிலும் குடியமர்த்தினர். அவையும் இத்தாழ்நிலத்தைச் சார்ந்தவையே! இதனைத் திட்டமிடல் எனக் கூற நா எழவில்லை.

சிறியனவாகத் தோன்றும் செய்திகளும் உள. பழைய தளத்தைச் சுரண்டாமல் மேலும் மேலும் தார் இட்டதனால் சாலை உயர்ந்து வீட்டு வாயில் பள்ளமான தெருக்கள் எத்தனையோ! மட்டம் பாராது கட்டிய வடிகாலில் நீர் தெருவுக்கே திரும்பும். கடலோரச் சமவெளியாகிய சென்னையில் சரிவு மிகக் குறைவு. கடல் ஏறியிருக்கும் வேளையில் ஆற்றுநீர் வெளியேற முடியாமல் காத்திருக்கும். அடையாற்று முகத்துவாரத்திலோ மணல்திட்டு மீண்டும் மீண்டும் உருவாகிறது. அதனை வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன், புரட்டாசியிலேயே அகற்றியாக வேண்டும். ஐப்பசியில் ஒப்பந்தப்புள்ளி கோரினால் மழை காத்திருப்பதில்லை.